‘எவர்’சில்வர் என்று ஒன்று இல்லை

ஓசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க சுமார் 300 கிலோமீட்டர் போகணும். நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் என்றால் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, அவ்வளவுதான். அதிலும் கெலவரப்பள்ளியில் நுரை பொங்குகிற வீடியோவைத்தான் வாட்ஸ்அப்பில் அதிகம் பார்த்திருப்போம். இப்படி ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்குள் ஈட்டியோடு மீன் வேட்டைக்கு இறங்குகிறவர்கள் உடம்பில் கட்டிக்கொள்ளும் கத்தியைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு அரியர் டென்ஷன் ஏறிடுச்சா என்று கேட்டால் கேளுங்க.

எழுதக் காரணம் இருக்கு. அந்தக் கத்தி விஷயத்தில் நான் செய்த தப்பு, இன்ஜினியரிங் படிக்கிற நாம எல்லாருமே செய்கிற தப்பு. மெக்கானிக்கல் மட்டும் இல்லை, மற்ற டிபார்ட்மெண்ட்காரர்களும் சிரித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. (பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு இங்கிலீஷ் மீடியம். தமிழில் பிழை இருந்தால் என்னை விட்டுடுங்க, எடிட்டரைத் திட்டுங்க.)

ராக்வெல் 60

என் ரூம்மேட் தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரன். அவன் பெரியப்பா ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். அண்ணன் முறையில் ஒருத்தர், ரப்பரை இழுத்து விடுகிற ஈட்டித் துப்பாக்கியோடு மூச்சடக்கி இறங்கி, பாரை, கலவா மாதிரி மீன்களை அடிப்பார். மூன்றாம் வருஷம் முடிந்த லீவில், “ஊருக்கு வா மக்கா, நீச்சல் தெரியும்ல” என்று கூப்பிட்டான். தெரியும். பாட்டி ஊர்க் கிணற்றில் கற்றுக்கொண்ட நீச்சல்.

ஸ்பியர் ஃபிஷிங் போகிறவனிடம் கத்தி இருக்கணும் என்று யூடியூப் சொன்னது. நான் மீன் அடிக்கப் போவதில்லை, கூட நீந்தப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் கத்தி வேணும்ல? காசு கொடுத்து எதுக்கு வாங்கணும்? அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு டூல்ரூமில் வேலை. அங்கே வெட்டிப்போட்ட ஹெச்.சி.ஹெச்.சி.ஆர் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ப்ரெஸ் டூலுக்கு பஞ்ச், டை செய்கிற ஸ்டீல் அது. நம்ம புத்தகத்தில் டி2 என்று இருக்கும். கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். வடிவம் தேய்த்து, ஹீட் ட்ரீட்மெண்ட் முடிந்து, நம்ம லேப் ராக்வெல் மெஷினில் வைத்தால் 60 காட்டியது. அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பி.வி.சி. பைப்பைச் சூடாக்கித் தட்டி, கத்திக்கு டைட்டாக ஒரு உறையும் செய்தேன். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் கத்தி விழாது. அதிலும் ஒரு பெருமை.

மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஓசூரில் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பா கத்தியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. தண்ணில போட்டு எடுத்துட்டு வா, பேசுவோம்” என்றார். முதல் நாள் காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், கரைக்குப் பக்கத்திலேயே இறங்கினோம். கத்திக்கு வேலை வரவில்லை. ஈரத்தோடு உறையில் செருகி பைக்குள் போட்டேன். மறுநாள் காற்று அதிகம், போகவில்லை. பை திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள், ரெண்டு பாகம் ஆழம். ரெண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்தான் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. அடியில் ஒரு பார். கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பாரில் யாரோ எப்போதோ விட்டுப்போன தங்கூசி வலை கிடந்திருக்கிறது. தங்கூசி என்றால் ஒற்றை நரம்பு நைலான், தண்ணீருக்குள் பார்வைக்கே படாது. மீனுக்கே தெரியாதது எனக்கு எங்கே தெரியப்போகுது? துடுப்புச் செருப்பின் பக்கிளில் சுற்றிக்கொண்டது. உதறினேன். உதறினால் இன்னும் இறுகும் என்று அப்போது தெரியாது. கை தானாகக் காலுக்குப் போனது. பிடி கிடைத்தது. இழுத்தேன். கத்தி வரவில்லை. மறுபடி இழுத்தேன். உறை, பட்டை எல்லாம் சேர்ந்து சுழன்றதே தவிர கத்தி வரவில்லை.

மேலே மிதந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்த ரூம்மேட் இறங்கி வந்து, இடுப்பில் இருந்த சின்னக் கத்தியால் ஒரே அறுப்பு. மொத்தம் பதினைந்து, இருபது செகண்ட் இருக்கும். செத்துப் பிழைத்த கதை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் என் கத்தியை வைஸில் பிடித்து, ரெண்டு பேர் இழுத்துத்தான் உறையிலிருந்து எடுத்தோம். முழுக்கப் பழுப்பு. விளிம்பு ஓரமாகச் சின்னச் சின்னக் குழிகள். என் உயிரைக் காப்பாற்றிய அந்த இன்னொரு கத்தி? பெரியப்பா மெஷின் ஆக்சா பிளேடைத் தேய்த்துச் செய்தது. பிடிக்குப் பதில் துணி சுற்றி நூல் கட்டியிருந்தது. அதுவும் துருப்பிடிக்கிற ஸ்டீல்தான். எட்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறதாம். தினமும் கடலிலிருந்து வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, சுவரில் ஆணியில் தொங்கவிடுகிறார்கள். உறை வேற ஆணியில்.

“புதுசுல எல்லாக் கத்தியும் நல்ல கத்திதான் தம்பி” என்றார் பெரியப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை.

முதலில், கத்தி எதுக்கு?

சினிமா பார்த்து, சுறாவோடு சண்டை போட என்று நினைப்போம். கிடையாது. மூச்சடக்கி ஈட்டியோடு இறங்குகிறவருக்குக் கத்தியின் முதல் வேலை, தன்னை விடுவித்துக்கொள்வது. ஈட்டியின் வாலில் ஒரு கயிறு இருக்கும். அடிபட்ட மீன் பாறை இடுக்குக்குள் ஓடும். கயிறு பாறையைச் சுற்றும், சில நேரம் ஆளையும் சுற்றும். அது போக, பழைய வலை, தூண்டில் நரம்பு. முதுகில் சிலிண்டர் கிடையாது. நுரையீரலில் இருக்கிறது மட்டும்தான் கையிருப்பு.

ரெண்டாவது வேலை, பிடித்த மீனைத் துடிக்க விடாமல் உடனே முடிப்பது. கண்ணுக்குப் பின்னால், மூளை இருக்கிற இடத்தில் ஒரு குத்து. ஜப்பானியர்கள் இகெஜிமே என்று இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். மீனுக்கும் வதை இல்லை, இறைச்சியும் கெடாது.

மூன்றாவதாகப் பலர் செய்கிற வேலை நெம்புவது. அது கத்தியின் வேலையே இல்லை. முனை உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கத்தி இருக்கே என்று தனியாக இறங்குவது அதைவிட முட்டாள்தனம். மூச்சடக்கி மேலே வரும்போது கடைசி சில மீட்டரில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரலாம். அந்த நேரத்தில் உலகத்திலேயே நல்ல கத்தியும் உதவாது. ஒருத்தர் கீழே, ஒருத்தர் மேலே பார்த்துக்கொண்டே இருக்கணும். எனக்கு உதவியதும் கத்தி மட்டும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்த ஆளும்தான்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-லேயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அங்கே ஈட்டியோடு இறங்கினால் அது விளையாட்டு இல்லை, வழக்கு. வெளியூர்க்காரர்கள் உள்ளூர் மீனவர்களிடம் கேட்காமல் எங்கேயும் இறங்காதீங்க. எந்த இடம், எந்த மீன் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எந்த ஸ்டீல்?

கொஞ்சம் பழங்கதை. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாம காலரைத் தூக்கிக்கொண்டோம். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து சிவகளைக்கு கி.மு. 3345 என்று அறிவிப்பு வந்தது. இப்போது ரூம்மேட் காலரைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். சண்டை இருக்கட்டும். இப்படித் தோண்டி எடுக்கிற இரும்புப் பொருட்களின் போட்டோவைப் பாருங்கள். எல்லாம் துருவேறிய கட்டிகள்தான். ஹெமடைட், மேக்னடைட் என்று நாம படிக்கிற தாதுக்கள் எல்லாமே இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தவை. உலையில் வைத்து அதைப் பிரித்து எடுக்கிறோம். விட்டால் திரும்ப அந்த நிலைக்கே போகும். துரு என்பது இரும்பு தன் வீட்டுக்குக் கிளம்புவது. நாம செய்கிற எல்லாமே அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான்.

1913-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் தேய்மானத்தைக் குறைக்க வழி தேடியபோது, 12.8 சதவீதம் குரோமியம் கலந்த ஸ்டீல் துருவுக்கு நன்றாகத் தாங்குகிறது என்று கண்டுபிடித்தார். இதில் கத்தி செய்யலாம் என்று அவர் சொன்னபோது, ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று ஊரில் கிண்டல் செய்தார்களாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கத்தி உலகத்தின் சண்டை அதே இடத்தில்தான் நிற்கிறது. கூர்மை நிற்க கார்பன் வேணும். துருவைத் தடுக்க குரோமியம் வேணும். ரெண்டும் ஒரே ஸ்டீலில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கார்பன், குரோமியத்தை இழுத்துக்கொண்டு கார்பைடு துகளாக உட்கார்ந்துவிடும். துருவைத் தடுக்கிற மெல்லிய ஆக்ஸைடு படலத்துக்குக் குரோமியம் மிச்சம் இருக்காது. என் டி2 கத்தியில் நடந்தது இதுதான். 12 சதவீதம் குரோமியம் என்று மெட்டீரியல் சர்டிஃபிகேட்டில் படித்து சந்தோஷப்பட்டேன். அதில் கணிசமான பகுதி கார்பைடில் அடைபட்டிருக்கிறது என்பது நாலாவது செமஸ்டரில் படித்த பாடம். எக்ஸாமில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கத்தி செய்யும்போது ஞாபகம் வரவில்லை.

கடைகளில் கிடைக்கிற கத்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

420 வகை: குரோமியம் 12 முதல் 14 சதவீதம். டைவ் கத்திகளில் மிகப் பரவலானது. சாணை பிடிப்பது எளிது. முனை சட்டென்று உடையாது. கூர்மை சீக்கிரம் போகும், கவனிக்காவிட்டால் துருவும் வரும்.

440சி: இதைவிடக் கடினம், கூர்மை நாள்பட நிற்கும். குரோமியம் 16 முதல் 18 சதவீதம். ஆனால் கார்பனும் கிட்டத்தட்ட 1 சதவீதம், அதனால் மேலே சொன்ன அதே கதை இதிலும் கொஞ்சம் உண்டு.

304, 316: நம்ம வீட்டுப் பாத்திரம், வாட்ச் கேஸ் குடும்பம். துருவுக்கு நல்ல எதிர்ப்பு. ஆனால் ஹீட் ட்ரீட்மெண்டில் கடினமாக்க முடியாது. விளிம்பு மடங்கும். ‘மரைன் கிரேடு’ என்று எழுதி விற்றால் பூரித்துவிடாதீங்க. நங்கூரச் சங்கிலிக்கு நல்லது, கத்தி விளிம்புக்கு இல்லை.

டைட்டானியம்: கடல்நீரில் துரு என்ற பேச்சே கிடையாது, எடையும் குறைவு. விளிம்பு ஸ்டீல் அளவுக்கு நிற்காது. விலை அதிகம்.

ஹெச்1 மாதிரி ஜப்பானிய ஸ்டீல்: கார்பனைக் குறைத்து நைட்ரஜனை வைத்துச் செய்தது. உப்புத் தண்ணீருக்கு இன்றைக்கு இருப்பதில் மிக நல்ல தேர்வுகளில் ஒன்று. இதுவும் மாணவர் பர்ஸுக்குத் தூரம்.

நம்ம ஆட்களுக்கு எண் இல்லாமல் திருப்தி வராது என்பதால் ஒன்று. துருக்குழி எதிர்ப்பை ஒப்பிட பி.ஆர்.இ.என் என்று ஒரு கணக்கு உண்டு: குரோமியம் சதவீதம் + 3.3 × மாலிப்டினம் + 16 × நைட்ரஜன். 420-க்கு சுமார் 13 வரும். 304-க்கு சுமார் 18. 316-க்கு சுமார் 24. எப்போதும் கடல்நீரிலேயே கிடக்கிற குழாய்களுக்கு வழக்கமாகக் கேட்பது 40-க்கு மேல். அதாவது, கூர்மைக்காகச் செய்த சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்தி எதுவும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டில் நாம ‘எவர்’சில்வர் என்று சொல்கிறோமே, அந்த ‘எவர்’ குழாயடிக்குத்தான் பொருந்தும். கடலுக்கு இல்லை.

ஆகவே என் கருத்து இது: எந்த ஸ்டீல் என்ற கேள்விக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது, இதை யார் தினமும் துடைப்பார்கள் என்ற கேள்விக்குக் கொடுக்கணும். விலை உயர்ந்த ஸ்டீல் உங்கள் வேலையைக் குறைக்கும். வேலையே இல்லாமல் செய்யாது. டைட்டானியம் வாங்கினாலும் உறைக்குள் மணல் போகும், ரப்பர் பட்டை வெடிக்கும், பிடியில் இருக்கிற ஸ்குரூ துருப்பிடிக்கும்.

எப்படிப்பட்ட கத்தி, எங்கே கட்டுறது?

மடக்குக் கத்தி வேண்டாம். திறக்க ரெண்டு கை வேணும், மடிப்பில் மணல் சிக்கும். நேர் கத்தியே நல்லது. அலகு 7 முதல் 10 சென்டிமீட்டர் போதும். ராம்போ சைஸ் எடுத்தால் அதுவே வலையில் மாட்டும். ஒரு பக்கம் சாதா விளிம்பு, தங்கூசிக்கு. இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் ரம்பப் பல், தடித்த கயிற்றுக்கு. மீனை முடிக்கக் கூர்முனை வேணும். மீன் அடிக்காமல் சும்மா நீந்துகிறவர்களுக்கு மொட்டை முனை போதும், தன்னையே குத்திக்கொள்ளாமல் இருக்கலாம்.

பிடி மஞ்சள் நிறத்தில் இருந்தால் நல்லது. தண்ணீரில் முதலில் மறைகிற நிறம் சிவப்பு. சில மீட்டர் ஆழத்திலேயே அது மங்கிக் கறுப்பாகிவிடும்.

ஸ்டீலைவிட முக்கியம் கட்டுகிற இடம். நான் வலது காலின் வெளிப்பக்கம் கட்டினேன். ஸ்டைலாக இருந்தது. ரெண்டு தப்பு. வெளிப்பக்கம் என்றால் வலை, கயிறு எல்லாம் முதலில் அதில்தான் மாட்டும். அடுத்து, வலது கை சிக்கினால் இடது கைக்கு அது எட்டாது. இடுப்பு பெல்ட்டின் முன்பக்கம் அல்லது மேற்கையில் கட்டுவது சரி. காலில்தான் வேணும் என்றால் உள்பக்கம். எந்தக் கையாலும், கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பில் வரணும். இதைக் கரையில் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்கணும்.

உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கணும். என் உறையில் இல்லை. டைட்டாக இருப்பதைக் குவாலிட்டி என்று நினைத்தேன். கத்தியைப் பிடித்திருக்க வேண்டியது லாக். உறையின் இறுக்கம் இல்லை.

காசு கம்மியாக இருந்தால் சின்னக் கத்தி ஒன்று, கூடவே பிளேடு உள்ளே மறைந்திருக்கிற லைன் கட்டர் ஒன்று, வேற வேற இடத்தில். ஒரு பெரிய கத்தியைவிட இது பாதுகாப்பு.

துருப்பிடிப்பது கடலில் இல்லை, பையில்

இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கத்தி கடலுக்குள் இருக்கும்போது கெடுவதைவிட, கடலிலிருந்து வந்த பிறகு உறைக்குள் கெடுவதுதான் அதிகம்.

காரணம் எளிது. ஸ்டெயின்லெஸ் மேல் இருக்கிற அந்தக் குரோமியம் ஆக்ஸைடு படலம் சில நானோமீட்டர்தான். கீறினால் தானே சரியாகிக்கொள்ளும், ஆக்ஸிஜன் கிடைத்தால். ஈர உறைக்குள் கத்திக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். குளோரைடு சேரும், அமிலத்தன்மை ஏறும், படலம் உடையும், மறுபடி கட்ட வழி இருக்காது. சிலபஸில் இதற்குப் பெயர் கிரெவிஸ் கரோஷன். உறை, பிடிக்கு அடியில், ஸ்குரூ தலைக்குக் கீழே என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் ஆரம்பிக்கும்.

இன்டர்ன்ஷிப் போனவர்களுக்கு சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் தெரிந்திருக்கும். 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, இத்தனை மணி நேரம் தாங்கினால் பாஸ். கடல் அப்படி வரிசையாக டெஸ்ட் எடுக்காது. நனைக்கும், காய வைக்கும், மறுபடி நனைக்கும். ஒவ்வொரு தடவை காயும்போதும் மேலே இருக்கிற உப்பு அடர்த்தியாகும்.

அதனால் வேலை இதுதான்.

கரைக்கு வந்தவுடன் கத்தியை உறையிலிருந்து எடுத்து, ரெண்டையும் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வையுங்கள். மேலோட்டமாக ஊற்றினால் இடுக்கில் இருக்கிற உப்பு போகாது. பல இடங்களில் போர்வெல் தண்ணீரிலும் உப்பு உண்டு, அதனால் கழுவினால் மட்டும் போதாது. துணியால் துடைத்துக் காய வைக்கணும். கத்தி தனி, உறை தனி. பிடி கழற்றக்கூடியது என்றால் ரெண்டு மூன்று தடவைக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

காய்ந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தினமும் துடைத்துத் தடவுகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் வைத்தால் அது பிசுபிசுப்பு ஏறிவிடும், அப்போது மினரல் ஆயில் நல்லது. சாப்பிடுகிற மீனில் படுகிற கத்தி என்பதால் உணவுக்கு உகந்ததாகப் பாருங்கள்.

லேசான பழுப்புக் கறை வந்தால் சமையல் சோடாவும் பிளாஸ்டிக் நாரும் போதும். கம்பி நார் மட்டும் தொடவே கூடாது. அதிலிருந்து உதிர்கிற இரும்புத் துகள் கத்தியின் மேல் ஒட்டி, அதுவே புதுத் துருவுக்கு விதையாகும். எலுமிச்சையும் உதவும். சிட்ரிக் அமிலம் மேலே ஒட்டிய இரும்பைக் கரைக்கும். தொழிற்சாலையில் ஸ்டெயின்லெஸ் பாகங்களை சிட்ரிக் அமிலத்தில் முக்கி எடுப்பது நடைமுறையிலேயே இருக்கிறது. தேய்த்த பிறகு நன்றாகக் கழுவிவிடணும்.

சாணையை 1000 கிரிட் தண்ணீர்க் கல்லில், ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 டிகிரி சாய்வில் பிடிக்கலாம். நம்ம ஒர்க்‌ஷாப் பெஞ்ச் கிரைண்டரில் வைக்காதீங்க. மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் நீலமாகிவிடும். நீலம் வந்தால் அந்த இடத்தில் டெம்பர் போச்சு என்று அர்த்தம். ரம்பப் பல்லுக்கு உருண்டை அரம்.

கடைசியாக, ஒவ்வொரு தடவை இறங்குவதற்கு முன்னாலும் ஒரு துண்டு தங்கூசியை அறுத்துப் பாருங்கள். தாளை வெட்டிக் காட்டுவது யூடியூபுக்கு. நரம்பை அறுப்பதுதான் டெஸ்ட்.

மெயின்டனன்ஸா மச்சி?

போன மாதம் கேம்பஸில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில், மெயின்டனன்ஸ் டிபார்ட்மெண்ட். செய்தி சொன்னபோது வகுப்பில் வந்த முதல் பதில், “டிசைன் கிடைக்கலையா மச்சி?” துக்கம் விசாரிக்கிற குரலில். ரெண்டு வருஷம் முன்னால் இருந்தால் நானும் அதே குரலில்தான் கேட்டிருப்பேன்.

நாம அப்படித்தான் பழகியிருக்கிறோம். மெட்டீரியல் தேர்வு செய்ய ஒரு பேப்பர், டிசைன் செய்ய நாலு பேப்பர். மெயின்டனன்ஸ் ஒரு எலெக்டிவ். அதை எடுத்தவர்களைக் கை விரல் விட்டு எண்ணலாம். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். சீனியர்கள் செய்த வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஃபைனல் ரிவியூ அன்றைக்குப் பளபளவென்று இருந்தது, போட்டோ எல்லாம் நல்லா வந்தது. இப்போது பேரிங் சுற்றாது. என் கத்திக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ரெண்டுமே மார்க் வாங்கிய அன்றைக்கே செத்துப்போனவை.

நம்ம ஊரில் எல்லாக் கம்பெனிகளிலும் ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அழகான வழக்கம். ஆனால் மிச்ச 364 நாளும் துடைக்கிறவருக்கு நம்ம மனசில் என்ன இடம்? அதே கம்பெனிச் சுவர்களில் 5எஸ் போர்டு இருக்கும். ஜப்பானியர்கள் சொல்வது, சுத்தம் செய்வதே சோதனை செய்வதுதான் என்று. முதலில் படித்தபோது போஸ்டர் வாசகம் என்று நினைத்தேன். கத்தியைத் தினமும் கையால் துடைத்தால்தான் முதல் துருக்குழி விரலில் தட்டும். துடைக்காதவனுக்கு அது தெரிய வரும்போது அவன் ரெண்டு பாகம் ஆழத்தில் இருப்பான்.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். நல்ல டிசைன் என்றால் பராமரிப்பே தேவைப்படக் கூடாது என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். என் உறையில் ஒரு வடிகால் ஓட்டை போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், அது டிசைன் தப்புதான். ஆனால் அந்த ஓட்டை வேணும் என்று எனக்கு எப்போது தெரிந்தது? கழுவித் துடைக்க உட்கார்ந்தபோதுதான். துடைத்துப் பழகாதவனுக்கு நல்ல டிசைன் வராது.

அதனால் நம்ம டிபார்ட்மெண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிவியூவில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: இதை யார், எப்போது, எதைக்கொண்டு துடைப்பார்கள்? பதில் இல்லாதவனுக்கு மார்க் குறையுங்கள். முடிந்தால் போன வருஷ பிராஜெக்டுகளை இந்த வருஷம் ஒரு தடவை ஓட வைத்துப் பாருங்கள். எத்தனை ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

அந்த டி2 கத்தி இன்னும் என்கிட்டதான் இருக்கு. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டேன், குழிகள் போகவில்லை. ஹாஸ்டலில் பார்சல் பிரிக்க உதவுகிறது. கடலுக்கென்று 420 ஸ்டீலில் ஒரு சின்னக் கத்தி வாங்கினேன், மஞ்சள் பிடி, ஓட்டை உள்ள உறை. செமஸ்டர் முடிந்ததும் ரூம்மேட் ஊருக்குப் போகிறோம். பேக்கிங் முடிந்தது. கத்தி துணியில் சுற்றி ஒரு பக்கம், உறை இன்னொரு பக்கம்.